வேனிற் பள்ளியும் கூதிர்ப் பள்ளியும்

பலகணிக்குக் ‘காலதர்’ என்பது பழம்பெயர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. இங்ஙனம் பெயரிட்ட முன்னோர் மனையின்பத்தை எவ்வாறு கருதினர் என்பதை ஈண்டு ஆராய்வோம். ஆண்டு முழுதும் ஒரே குளிர்ச்சியை வேண்டி மின்னாற்றலைப் பெருகச் செலவிடும் இந்நாளில் இவ்வாராய்ச்சி வெறும் பழமை பேசுதல் ஆகாது.

நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்க்கால மாநகரைக் காட்டுகின்றார். வேனிலில் துயிலும் மேல்மாடத்துத் தென்றலைக் கொணரும் பலகணிகள் திறவாது தாழிடப்பட்டுள்ளன. கைவல்ல கம்மியன் புனைந்த செந்நிற ஆலவட்டங்கள் சுருக்கப்பட்டுச் சிலந்திநூல் படிந்து தொங்குகின்றன. குறுகிய வாயுடைய கன்னலில் உள்ள தண்ணீரைப் பருகுவார் இலர். தடவு என்னும் கணப்புச் சட்டியின் நெருப்பையே யாவரும் நாடுகின்றனர். பருவம் மாறியபோது மாந்தர் தாம் இருக்கும் இடத்தையும் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

சிலப்பதிகாரம் இன்னும் நுட்பமானதொன்றைக் கூறுகின்றது. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், காதலரைப் பிரிந்த மகளிர் வேனிற் பள்ளியை விடுத்துக் கூதிர்ப் பள்ளியுட் புகுந்து அதன் சிறு சாளரத்தையும் அடைக்கின்றனர். கூடினார்க்கு இனித்த தென்றல் பிரிந்தார்க்கு வருத்தமாயிற்று. வெம்மையும் தண்மையும் உடலளவில் நின்றுவிடுவன அல்ல என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார் என்றே கொள்கின்றோம்.

இனி, இக்காலத்துக் குளிர்பதனப் பொறியின் வரலாற்றை நோக்குவோம். 1902இல் வில்லிஸ் கேரியர் அதனை வகுத்தது புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றன் பொருட்டு. ஈரத்தால் தாள் விரிந்து வண்ணங்கள் பிறழாமல் காத்தலே அதன் நோக்கம். தாளுக்கு ஒரே நிலை வேண்டும்; மாந்தர்க்கும் அதுவே வேண்டும் எனக் கொண்டது பின்னை வழக்கு. டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் ஃபேங்கர் 1970இல் வெளியிட்ட நூலில், ஆய்வறைகளில் மாணவரை இருத்திக் கண்ட முடிவுகளைக்கொண்டு வெப்பநலத்திற்குக் கணக்கு வகுத்தார். ஹம்ஃபிரீஸ், நிக்கோல் முதலியோர் மக்கள் வாழும் இடங்களுக்கே சென்று ஆராய்ந்து, புறத்து வெப்பம் ஏற ஏற மாந்தர் இனிதெனக் கொள்ளும் வெப்பமும் ஏறுதலைக் கண்டனர். அமெரிக்க வெப்பக் குளிர்ப் பொறியாளர் கழகம் 2004இல் இதனைத் தன் விதியில் ஏற்றது. ஆயினும், உள்ளிருப்போர் தாமே திறந்து மூடத்தக்க பலகணி உள்ள இடங்களுக்கே அவ்விதி பொருந்தும் என்றது. காலதர் மீண்டும் இலக்கணத்துள் வந்து சேர்ந்தது!

ஒன்று கூறாது விடின் நடுநிலை பிறழும். இருவகைப் பள்ளியும் செல்வர் மனையில் உள்ளவை. நெடுநல்வாடையின் தொடக்கத்தில் மழைவெள்ளத்திற்கு அஞ்சி ஆனிரையை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச் சென்ற கோவலர், கையில் ஏந்திய கொள்ளியை அன்றி வேறு வெம்மையின்றி நடுங்கி நிற்கின்றனர்.