மொன்மார்த்ர் குன்றின் காய்கறித் தோட்டங்கள்

ஒல்லாந்து தேசத்து அம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் அரும்பொருட்சாலையிலே, வின்சென்ற் வான்கோ 1887 ஆம் ஆண்டுக் கோடையில் தீட்டிய பெரிய நிலக்காட்சி ஓவியம் ஒன்று உள்ளது. அதிலே, வேலிகளுக்கிடையே ஒரு பாதை மேட்டை நோக்கி ஏறுகின்றது. பாதையின் இருமருங்கும் காய்கறிப் பாத்திகளும் சிறு கொட்டில்களும் தென்படுகின்றன. மேலே, வெளிறிய நீலவானை ஊடறுத்து ஒரு காற்றாலை நிற்கின்றது. ஏதோ நாட்டுப்புறத்துக் காட்சி என்றே இதனைக் காண்போர் எண்ணுவர். ஆயின், இது பாரிஸ் மாநகரின் எல்லைக்குள் அடங்கிய மொன்மார்த்ர் குன்றாகும்.

1860 ஆம் ஆண்டிலேதான் மொன்மார்த்ர் பாரிஸ் நகரோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன்னர் அது நகரின் சுங்க மதிலுக்கு வெளியே இருந்த தனிக் கிராமம். நகருக்குள் செல்லும் மதுவுக்கு விதித்த வரி அங்கே இல்லாமையால், மலிவான மதுக்கடைகளும் நடனச்சாலைகளும் பெருகின. குன்றின் வயிற்றிலிருந்து வெட்டியெடுத்த ஜிப்சக் கல்லே உலகம் அறிந்த பாரிஸ் சாந்துக்கு மூலப்பொருள். உச்சியில் காற்றாலைகள் சுழன்றன. அவற்றுள் புளூத்பான் என்னும் ஆலை 1622 இல் எழுந்தது. ஆலைக்காரர் விற்ற கலெத் என்னும் தட்டை ரொட்டியினால் 'மூலன் த லா கலெத்' என்ற பெயர் பிறந்தது. ஆலையடியில் நிகழ்ந்த ஞாயிற்றுக்கிழமை நடனத்தை ரெனுவார் 1876 இல் ஓவியமாக்கினார்.

ஓவியர் இங்கு குடியேறியமைக்கு இயற்கையழகு மாத்திரம் காரணமன்று. வாடகை குறைவு, உணவும் மலிவு. வான்கோவும் கையில் பொருளின்றியே 1886 இல் பாரிசுக்கு வந்தார். ஓவிய வணிகம் செய்துவந்த தம்பி தியோவின் ஆதரவிலே, லெப்பிக் வீதியின் 54 ஆம் இலக்க வீட்டில் வாழ்ந்தார். புள்ளிகளால் ஓவியந் தீட்டும் புதிய முறையை அக்காலத்திலே பயின்று, குறுகிய தூரிகைக் கீற்றுக்களால் வேலிகளையும் பாத்திகளையும் தீட்டினார். நடுவர் குழுவின் தேர்வின்றி எவரும் பங்குபற்றக்கூடிய சுயாதீனக் கலைஞர் கண்காட்சியிலே, 1888 இல் இவ்வோவியமும் வைக்கப்பட்டது. அவரோ அவ்வாண்டு பெப்ருவரியிலேயே தென்பிரான்சுக்குச் சென்றுவிட்டார்.

அவர் தீட்டிய நாளிலேயே குன்று மாறத் தொடங்கியிருந்தது. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற திருவிருதய ஆலயம் உச்சியிலே உயர்ந்துகொண்டிருந்தது. 1904 இல் பிக்காசோ இக்குன்றில் 'பத்தோ லவுவார்' என்ற பழங்கட்டடத்திலே குடியேறினார். 1907 இல் புகழ்பெற்ற 'அவிஞ்ஞோன் மகளிர்' ஓவியத்தை அங்கேயே தீட்டினார். கலைஞரால் குன்றின் பெயர் பரவியது. பெயர் பரவவே, காண வருவோர் பெருகினர், நிலம் விலையேறியது. ஆலையின் பின்புறத்துத் தோட்டங்களும் கொட்டில்களும் இருந்த சரிவிலே புதிய தெருக்களும் மாளிகைகளும் எழுந்தன. மலிவை நாடி வந்த கலைஞர் பலர் ஆற்றின் தென்கரையிலுள்ள மொன்பர்னாசுக்குப் பெயர்ந்தனர். பிக்காசோவும் 1912 இல் அவ்வாறே சென்றார்.

எஞ்சிய வெறும் நிலத்தையேனும் காக்க விரும்பிய குன்றுவாசிகள், கட்டடம் எழாதவாறு 1933 இல் ஒரு சரிவிலே திராட்சைக்கொடிகளை நாட்டுவித்தனர். அத்தோட்டம் இன்றும் காய்க்கின்றது. புளூத்பான் ஆலையும் நிற்கின்றது, ஆனால் மாவரைப்பதில்லை. 'பத்தோ லவுவார்' 1970 இல் தீக்கிரையாகிப் பின்னர் மீளக் கட்டப்பட்டது.

ஆலையைக் காண விரும்புவோர் இன்றும் லெப்பிக் வீதி வழியே ஏறிச்சென்று காணலாம். ஆனால், அதன் கீழே மண்ணைக் கொத்தி வாழ்ந்த எளியோரின் பாத்திகளையும் வேலிகளையும் அங்கே காண இயலாது. பெருங்கட்டடங்களைக் குறித்துவைக்கும் வரலாற்று நூல்கள் அவற்றைப் பெரிதும் பேசுவதில்லை. வாடகைக்குக் குடியிருந்த ஓர் ஏழை ஓவியர் அவற்றையும் தீட்டத்தக்கவை என மதித்தமையினாலேயே, அவை இன்று நம் கண்ணுக்குத் தெரிகின்றன.