தேநீர்க் கம்பெனியில் பிறந்த ஒரு தொழில்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் வரலாறு படித்தான், பெண் இலக்கியம் படித்தாள். மென்பொருள் எழுதும் தொழிலில் இவர்களுக்கு இடம் கிடைக்குமா?" என்பதே அது. கணிப்பொறி இயலில் பட்டம் பெறாதவர் அத்தொழிலுக்குள் கொல்லைப்புற வழியாக நுழைகிறவர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. சரித்திரமோ வேறு விதமாகச் சொல்லுகிறது.

லண்டன் மாநகரில் லயன்ஸ் என்றொரு பெரிய கம்பெனி இருந்தது. தேநீர்க் கடைகள் நடத்துவதும், ரொட்டி, கேக் முதலிய பண்டங்களைச் செய்து விற்பதும் அதன் தொழில். நாள்தோறும் குவியும் சில்லறைக் கணக்குகளை எழுதி முடிக்கக் குமாஸ்தாக்கள் பெருங்கூட்டமாக வேண்டியிருந்தது. 1947ல் அக்கம்பெனியின் அதிகாரிகள் இருவர் அமெரிக்கா சென்றபோது, புதிதாகத் தோன்றியிருந்த கணிப்பொறிகளைப் பற்றி அறிந்தனர். தம் நாட்டிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் அத்தகைய பொறி உருவாகி வந்தது. கம்பெனி அதற்கு 3,000 பவுன் உதவியது. பின்னர் அதனைப் பின்பற்றித் தனக்கென ஒன்று செய்துகொண்டது. 'லியோ' எனப்பட்ட அப்பொறி 1951ல் ரொட்டிச் சாலையின் கணக்கைப் பார்க்கத் தொடங்கியது. வாணிகக் கணக்கை நாள்முறையாகப் பார்த்த முதல் கணிப்பொறி அதுவே.

பொறி ஆயத்தமாயிற்று. அதற்கு ஆணைத்தொடர் எழுத ஆள் எங்கே? அதனைக் கற்பிக்கும் பட்டப்படிப்பு அன்று இல்லை. கேம்பிரிட்ஜில் ஒரு பட்டயப் படிப்புத் தொடங்கியதே 1953ல்தான். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக் கழகம் இதற்கெனத் தனித்துறை அமைத்தது 1962ல். ஆகவே லயன்ஸ் தன் அலுவலகத்திற்குள்ளேயே ஆள் தேடியது. சில நாள் வகுப்பு நடத்தி, பரீட்சை வைத்து, தேறியவரைத் தேர்ந்தெடுத்தது.

1952ல் அவ்வாறு தேறியவர் மேரி கூம்ஸ் என்ற பெண்மணி. அவர் பல்கலைக் கழகத்தில் பயின்றது பிரெஞ்சு மொழி. வாணிகக் கணிப்பொறிக்கு ஆணைத்தொடர் எழுதிய முதல் பெண் என்று இன்று போற்றப்படுபவர் அவரே. ஊழியர் ஒருவரின் சம்பளத்தைக் கணக்கிடக் குமாஸ்தாவுக்கு எட்டு நிமிஷம் பிடித்தது. லியோ அதனை ஒன்றரை விநாடியில் முடித்தது. அச்சம்பளக் கணக்கிற்கான ஆணைகளை எழுதியவர்களுள் கூம்ஸும் ஒருவர். பிறர் எழுதியவற்றைச் சரிபார்த்துப் பிழை களைவதும் அவர் பணியாயிற்று.

மொழி படித்தவருக்கு இது எங்ஙனம் கைவந்தது? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் வியப்பில்லை. ஒரு சொல் பிறழ்ந்தால் பொருள் கெடும் என்ற அச்சம் இரு தொழிலுக்கும் பொது.

அதே காலத்தில் லயன்ஸில் குமாஸ்தாவாக இருந்த பிராங்க் லேண்ட் பொருளாதாரம் படித்தவர். 1939ல் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த குடும்பத்தின் பிள்ளை. அவரும் அவ்வகுப்பின் வழியே இத்தொழிலுக்கு வந்தார். பிற்காலத்தில் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் இத்துறையின் பேராசிரியராகவே உயர்ந்தார்.

நம் நாட்டிலும் தொடக்கம் இத்தகையதே. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஆர். நரசிம்மன் 1954ல் பம்பாய் சென்று டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் உருவான 'டிஃப்ராக்' கணிப்பொறி 1960ல் இயங்கத் தொடங்கியது. அவரிடமும் கணிப்பொறிப் பட்டம் இல்லை.

ஆயினும் ஒரு வேற்றுமையை மறைத்தல் கூடாது. அன்று கம்பெனி தானே சோதித்தது. சம்பளம் கொடுத்துக் கற்பித்தது. இன்று பல நிறுவனங்கள் விண்ணப்பத்தில் பட்டத்தைப் பார்த்த பின்னரே ஆளைப் பார்க்கின்றன. கற்கும் பாரமும், கற்றதை மெய்ப்பிக்கும் பாரமும் இளைஞர் தோளில் விழுந்துவிட்டன. ஆதலால் பட்டமில்லாதவர் தம் கையால் எழுதி, பிழை நீக்கி, பிறர்க்குப் பயன்படும்படி இயங்கவைத்த ஆணைத்தொடர் ஒன்றையேனும் காட்டும் நிலையில் இருத்தல் வேண்டும். எளிய வழியன்று, பல மாத உழைப்பைக் கேட்கும் வழி. ஆனால் கொல்லைப்புற வழியென்று கூசவேண்டியதில்லை. இத்தொழிலின் முன்னோர் நுழைந்த தலைவாயில் அதுவே.