லாங்டெல்லின் வகுப்பறை

1870 வரை ஹார்வர்டு சட்டப் பள்ளியில் பேராசிரியர் சொற்பொழிவாற்றுவார், மாணவர் குறிப்பெடுப்பார். பட்டம் பெறத் தேர்வுகூடக் கிடையாது. அந்த ஆண்டு பேராசிரியராகச் சேர்ந்து, டீன் பொறுப்பையும் ஏற்ற கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், முதல் வகுப்பிலேயே ஒரு மாணவரிடம் 'பெய்ன் எதிர் கேவ்' வழக்கின் விவரங்களைக் கேட்டார். சுத்தியல் விழுமுன் ஏலம் கேட்டவர் பின்வாங்கலாமா என்பது 1789-இல் இங்கிலாந்தில் நடந்த அந்த வழக்கின் கேள்வி. பின்வாங்கலாம் என்பது தீர்ப்பு. லாங்டெல் விதியைச் சொல்லாமல் கேள்விமேல் கேள்வி கேட்டதால் பல மாணவர்கள் நழுவிவிட்டனர். அவர்களைக் குறைசொல்ல முடியாது. 1871-இல் அவரது ஒப்பந்த வழக்குத் தொகுப்பு வெளிவந்தது. 1895 வரை டீனாக இருந்தார். வழக்குகளை வைத்துக் கேள்வி கேட்டுக் கற்பிக்கும் அவருடைய முறை அமெரிக்கா முழுதும் பரவியது. கட்சிக்காரரின் முகமே பாராமல் வழக்கறிஞராகிவிடலாம் என்பது அதன் பெரிய ஓட்டை. அதை அடைக்கும் விதமாக, மாணவர்கள் கட்சிக்காரர்களை நேரில் சந்திக்கும் சட்ட உதவிப் பயிற்சி 1960-களுக்குப் பிறகே கல்லூரிகளில் வேரூன்றியது.