சன்னல் துப்புரவு நீர்த்தொட்டிகளின் பாதுகாப்பும் போக்குவரத்தும்

சன்னல் துப்புரவு நீர்த்தொட்டி என்பது, கட்டடங்களின் கண்ணாடிச் சன்னல்களைக் கழுவத் தேவையான தூயநீரைப் பணியிடத்திற்கு எடுத்துச் செல்லப் பயன்படும் கொள்கலன் ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் இது பரவலான பயன்பாட்டில் உள்ளது. முதுகில் சுமக்கும் தொட்டி, தள்ளுவண்டியில் வைக்கப்படும் கலன், வேனின் உள்ளே பொருத்தப்படும் பெரிய தொட்டி என இவை பல வகைப்படும். முதல் இரு வகைகள் பெரும்பாலும் 20 முதல் 25 லிட்டர் வரை கொள்வன. வேன் தொட்டிகள் பல நூறு லிட்டர் கொள்ளக்கூடியவை.

பின்னணி

இம்முறையில் பணியாளர் ஏணியில் ஏறுவதில்லை. தரையில் நின்றபடி, ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்டக்கூடிய நீண்ட கம்பின் நுனியில் உள்ள தூரிகையால் சன்னலைத் தேய்க்கிறார். எதிர்ச் சவ்வூடு பரவல், அயனி நீக்கம் ஆகிய முறைகளால் கரைந்த உப்புகள் நீக்கப்பட்ட நீர், குழாய் வழியாகத் தூரிகைக்குச் செல்கிறது. உப்பு இல்லாததால் நீர் காய்ந்த பின் கண்ணாடியில் கறை படிவதில்லை. ஐக்கிய இராச்சியத்தின் 2005ஆம் ஆண்டு உயரப் பணி ஒழுங்குவிதிகள், இயன்றவரை உயரத்தில் பணி செய்வதைத் தவிர்க்க வேண்டும் எனக் கூறுகின்றன. இம்முறை அதற்குப் பொருந்துகிறது. ஆயினும், ஏணியிலிருந்து விழும் இடர் குறைந்த இடத்தில், பெரும் எடையுள்ள நீரைச் சாலையில் கொண்டு செல்லும் இடர் வந்து சேர்ந்தது.

மோதலின்போது ஏற்படும் விசை

ஒரு லிட்டர் நீரின் நிறை ஏறத்தாழ 1 கிலோகிராம் ஆகும். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வேனில் 500 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். வேன் எதிலேனும் மோதி 0.6 மீட்டர் தொலைவிற்குள் நின்றுவிட்டால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சராசரியாக 15 மடங்கு இருக்கும். அப்போது தொட்டியைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 74 கிலோநியூட்டன் விசை தேவை. இது 7.5 டன் பொருளின் எடைக்கு இணையானது. பிடிமானம் அறுந்தால், தொட்டி நிலைமத்தின் காரணமாக முன்னோக்கிப் பாய்ந்து ஓட்டுநர் இருக்கையைத் தாக்கும்.

சாலைச் சரக்குகளைக் கட்டுவதற்கான ஈஎன் 12195 என்னும் ஐரோப்பியத் தரம், முன்னோக்கிய திசையில் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.8 மடங்கையே கணக்கில் கொள்கிறது. எனவே, சரக்குப் பட்டைகளால் மட்டும் கட்டப்பட்ட தொட்டி திடீரென பிரேக் பிடிக்கும்போது நகராமல் இருந்தாலும், மோதலைத் தாங்கும் எனக் கொள்ள இயலாது.

பொருத்தும் முறை

தொட்டியை எஃகுச் சட்டகத்தினுள் வைத்து, வேனின் தரையைத் துளைத்துச் செல்லும் மரையாணிகளால் இறுக்க வேண்டும். மெல்லிய தரைத்தகடு கிழியாமல் இருக்க, அடியில் விசையைப் பரப்பும் தடித்த எஃகுத் தகடுகள் வைக்கப்படுகின்றன. சில தயாரிப்பாளர்கள் தம் சட்டகங்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தி விற்கின்றனர். தொட்டியின் ஈர்ப்பு மையம் தாழ்ந்தும், இரு அச்சுகளுக்கு இடையிலும் அமைவது நல்லது.

காலையில் நிறைந்திருக்கும் தொட்டி, நண்பகலில் பாதியாகிவிடும். பாதி நிறைந்த தொட்டியில் நீர் அலைந்து வளைவுகளில் வண்டியைத் தடுமாறச் செய்யும். இதனைக் குறைக்க உட்புறத்தில் தடுப்புகள் அமைக்கப்படுகின்றன. தடுப்புகள் அலைவைக் குறைக்குமேயன்றி நீரின் நிறையைக் குறைப்பதில்லை. ஆகவே அவை உறுதியான பிடிமானத்திற்கு மாற்றாகா.

சுமை வரம்பு

எடுத்துக்காட்டாக, 650 கிலோகிராம் சுமை அனுமதிக்கப்பட்ட வேனில் 500 லிட்டர் நீர், 100 கிலோகிராம் எடையுள்ள தொட்டியும் சட்டகமும், 40 கிலோகிராம் கருவிகள், 75 கிலோகிராம் எடையுள்ள உதவியாளர் ஆகியவற்றை ஏற்றினால் மொத்தம் 715 கிலோகிராம் ஆகிறது. தொட்டியின் கொள்ளளவை மட்டும் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுப்பதால் நேரும் பிழை இது. அந்நாட்டின் 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 40ஏ பிரிவின்படி, சுமையின் எடையோ அது கட்டப்பட்ட முறையோ பிறருக்கு ஆபத்தாக அமைந்தால் அது குற்றமாகும்.

தொட்டியையும் நீரையும் பாதுகாத்தல்

உறைதல்: நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. பெருந்தொட்டி உறைவதற்கு முன்பே குழாய், நீரேற்றி, வடிகட்டி ஆகியவை உறைந்து வெடிக்கக்கூடும். குளிர்கால இரவுகளில் இவற்றை வடித்துவிடுவதோ சிறிய வெப்பமூட்டியால் காப்பதோ வழக்கம்.

ஒளி: வெயிலில் வைக்கப்படும் ஒளிபுகும் தொட்டியில் பாசி வளரும். ஒளி புகாத நெகிழித் தொட்டி இதனைத் தடுக்கிறது.

நுண்ணுயிர்கள்: லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 பாகை செல்சியசு வரையிலான தேங்கிய நீரில் பெருகும். தூரிகையிலிருந்து தெறிக்கும் நுண்திவலைகளைச் சுவாசிப்பதால் நோய் பரவக்கூடும். எனவே பல நாள் தேங்கிய நீரை வெளியேற்றித் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்தல் வேண்டும்.

சிறு தொட்டிகள்: 20 லிட்டர் முதுகுத் தொட்டியை நிரப்பிய பின் தரையிலிருந்து தூக்குவது இடுப்பைப் பாதிக்கும். இடுப்பளவு உயரமுள்ள மேடையில் வைத்து நிரப்பி, அங்கிருந்தே தோளில் மாட்டிக்கொள்வது எளிது. வேனில் ஏற்றும் முன் மூடியை இறுக்கி, கலன் உருளாதவாறு கட்டிவைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

நிலைமம்
எதிர்ச் சவ்வூடு பரவல்
ஈர்ப்பு மையம்