சின்னங்கள் பேசும் மொழி

கொடியைக் கண்டால் எழுந்து நிற்கிறோம். முத்திரையைக் கண்டால் மதித்து நடக்கிறோம். ஆனால் அவை பேசும் மொழியைப் படித்துப் பார்த்தோமா? மகாராஜபுரத்து உழவர் கையிலுள்ள அரசாங்கத் தாளிலும் கோபுர முத்திரை உண்டு. அது நம் அண்டையிலுள்ள திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று நாம் பெருமை கொள்கிறோம். மதுரை மேலைக் கோபுரமே அது என்போரும் உளர். அமைதியின் முத்திரைக்கே இத்தனை வழக்கென்றால், குருதி சிந்தும் படையின் சின்னங்களில் எத்தனை மறைபொருள் புதைந்திருக்கும்!

சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல். இதைப் பள்ளிச் சிறுவனும் சொல்வான். இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்து முத்திரையைக் காண்போம். புலி அமர்ந்திருக்கிறது. அதனோடு இரு கயல்கள், ஒரு வில். மேலே குடையும் கவரிகளும். அழகுக்காகவா அவை அங்கு வந்தன? தோற்றவரின் சின்னங்களைத் தன் குடைக்கீழ் நிறுத்தி, பாண்டியனும் சேரனும் தனக்கு அடக்கம் என்று சோழன் அறிவித்தான். பாண்டி மண்ணில் வாழும் நமக்கு அவை சிறைப்பட்ட மீன்கள்! ஆயினும் ஒன்றை ஒப்புவோம். எழுத்தறியா வீரனும் அந்த முத்திரையைப் படிக்க முடிந்தது. நல்ல சின்னத்தின் இலக்கணம் அதுவே.

இனி, யானையின் கதையைக் கேளுங்கள். 1803 செப்டம்பர் 23 அன்று, அசாயே என்னும் ஊரில், கும்பினித் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி மராட்டியப் படையை முறியடித்தான். அவனுக்காகப் போரிட்டு மடிந்தோருள் சென்னை மாகாணச் சிப்பாய்கள் பலர். அதற்குப் பரிசாகக் கிடைத்தது யானைச் சின்னம். இந்தியனை இந்தியன் வீழ்த்தியதற்கு அந்நியன் தந்த விருது அது! விடுதலைக்குப் பின், இந்நாட்டு அரசர்களை எதிர்த்துப் பெற்ற போர்ச் சிறப்புகளை ஏந்துவது தகாதென்று படைத்துறை ஒதுக்கியது. அசாயே என்ற பெயர் விலகியது. யானை மட்டும் மதராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் இன்றும் நிற்கிறது. அப்படைப்பிரிவின் தலைமை இடமோ நீலகிரியின் வெல்லிங்டன். அந்தப் பெயரும் அதே வெல்லெஸ்லி பின்னாளில் பெற்ற பட்டத்தின் பெயரே!

சின்னத்தைத் திணித்தவன் எண்ணியது ஒன்று, அணிந்தவன் படித்தது வேறொன்று என்றால் என்ன விளையும்? வேலூரைக் கேட்டால் சொல்லும். புதிய தலைப்பாகையில் தோற்குஞ்சம் வைத்தனர். சமயக் குறிகளையும் கடுக்கனையும் நீக்கச் சொல்லினர். வெறும் ஒழுங்குமுறை என்று அதிகாரிகள் கருதினர். மதமாற்றத்தின் முதற்படி என்று சிப்பாய்கள் படித்தனர். மறுத்தவர் முதுகில் கசையடி விழுந்தது. 1806 சூலை 10 அன்று கோட்டை கொந்தளித்தது. திப்புவின் கொடி ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர் மாண்டனர். கோட்டை மீட்கப்பட்டபோது பல நூறு சிப்பாய்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அதன் பின்னரே தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு குஞ்சத்துக்கு எத்தனை உயிர்கள்!

பொருள் நன்றாயினும் வடிவம் பிழைத்தால் சின்னம் ஊமையாகும். 2001-இல் இந்தியக் கடற்படை, ஆங்கிலேயர் விட்டுச் சென்ற செஞ்சிலுவையைத் தன் கொடியிலிருந்து நீக்கி, நீலநிற இலச்சினை பொறித்தது. நோக்கம் நேரியதே. ஆனால் நீல வானமும் நீலக் கடலும் சூழ, நீல இலச்சினை கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படவில்லை! 2004-இல் சிலுவை மீண்டது. சிலுவையற்ற புதிய கொடி 2022 செப்டம்பர் 2 அன்றுதான் ஏறிற்று. வண்ணம் ஆராயாத பிழையால் அடிமைச் சின்னத்துக்குப் பதினெட்டாண்டு ஆயுள் நீண்டது.

ஆகவே, எந்தச் சின்னத்தின் முன்னும் மூன்று கேள்விகளை எழுப்புவோம். இதை வரைந்தவன் யார்? யாரை வென்றதாகச் சொல்கிறது? அணிபவனுக்கு அதன் பொருள் தெரியுமா? வீரனின் நெஞ்சில் நாம் குத்தும் சின்னம், அவன் படித்தறிந்து பெருமை கொள்ளத்தக்கதாய் இருத்தல் வேண்டும். பொருளறியாமல் சுமப்பது சுமையே. அறிந்து அணிவதே அணி.