கண்டதும் கருதியதும்

தம்பலகாமத்து வயல்வெளிகளை அடுத்து, அவ்வூரின் பெயரையே தாங்கிய குடா ஒன்று உண்டு. அக்குடாவின் கரையில் அமைந்ததே சீனன்குடா விமானத்தளம். 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாட் காலை, யப்பானிய விமானங்கள் அத்தளத்தையும் திருகோணமலைத் துறைமுகத்தையும் தாக்கின. அதற்கு முந்திய சில நாள்களின் வரலாறு, தேர்ந்தோர் தீர்ப்பும் சூழ்நிலைக்குக் கட்டுப்பட்டதே என்பதை நன்கு விளக்குகின்றது.

பிரித்தானியரின் கீழைக் கடற்படைத் தலைவர் அட்மிரல் சோமர்வில் நீண்ட அனுபவம் வாய்ந்தவர். ஏப்பிரல் முதலாந் தேதியளவில் இலங்கை தாக்கப்படும் என்னும் உளவுச் செய்தியை ஏற்று, மார்ச்சு 31 முதல் ஏப்பிரல் 2 வரை இலங்கைக்குத் தெற்கே அவர் காத்திருந்தார். பகைவர் தோன்றவில்லை, கப்பல்களில் நன்னீரும் குறைந்தது. ஆபத்து நீங்கிற்று எனக் கருதி, மாலைதீவின் அட்டுத் தளத்துக்குத் திரும்பினார். கோர்ன்வால், டோர்செட்சயர் என்னும் போர்க்கப்பல்கள் கொழும்புக்கும், ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைக்கும் அனுப்பப்பட்டன.

அவர் கண்ட கடல் வெறுமையாயிருந்தது உண்மையே. அவ்வெறுமைக்கு அவர் கொண்ட பொருளே பிழையாயிற்று. யப்பானியர் சில நாள் பிந்திப் புறப்பட்டிருந்தனர். ஏப்பிரல் 4 ஆம் நாள், கனடிய விமானி பேர்ச்சல் தம் ரோந்தின் இறுதிக் கட்டத்தில், தொடுவானில் ஒரு புள்ளியைக் கண்டார். அண்மிச் சென்று நோக்கி, தம் விமானம் வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பினார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. முன்னிரவே அங்கிருந்து அகன்ற இரு போர்க்கப்பல்களும் கடலில் மூழ்கின. 424 பேர் மாண்டனர்.

துறைமுகத்தில் தங்குவது ஆபத்து என்பதே கொழும்புத் தாக்குதலின் பாடமாகத் தோன்றிற்று. ஆகவே 8 ஆம் தேதி இரவு, திருகோணமலையிலிருந்த கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. ஹேர்மிஸ் தன் விமானங்களின்றியே தெற்கு நோக்கிச் சென்றது. மறுநாள் காலை ராடார் முன்னதாக எச்சரித்தமையால், சீனன்குடாப் போர்விமானங்கள் எழுந்து எதிர்த்தன. ஹேர்மிசோ மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 உயிர்கள் மாய்ந்தன.

வென்ற நகுமோவும் இதற்கு விலக்கல்லர். அதே நாளில் பிரித்தானிய விமானங்கள், எதிர்பாராத வகையில் அவருடைய அக்காகிக் கப்பலை நெருங்கிக் குண்டு வீசின. ஒன்றும் படவில்லை. வெற்றியின் களிப்பில் அவ்வெச்சரிக்கை வலுவிழந்தது. யூன் மாதம் மிட்வேப் போரில், அவர் தம் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களையும் இழந்தார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. ஆபத்து அகன்றதென அமைந்தவன் கண்ணுக்குப் பேயும் வெறும் இருளாய்த் தோன்றுதல் கூடும். முடிவை அறிந்தபின் சோமர்விலைப் பழித்தல் எளிது. அன்று அவர் முன்னிருந்தவையோ வெறுங்கடலும், கடந்துபோன ஒரு தேதியும், குறைந்துவந்த நீருமே. அச்சூழலில் அவர் தம்மை வினவியிருக்க வேண்டியது ஒன்றே: பகைவர் வாராரோ, அன்றி இன்னும் வந்திலரோ?