இசைத்தட்டும் ஊசியும்

வீட்டில் பழைய இசைத்தட்டுகள் வைத்திருக்கும் அன்பர்கள் பலர் அவற்றைக் கணினியில் ஏற்றி வருகிறார்கள். ஏற்றி முடித்ததும் தட்டுகளைக் கழித்துவிடுவோரும் உண்டு. தட்டில் இருந்த பாட்டு முழுவதும் வந்துவிட்டது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். ஆனால் ஊசி எவ்வளவு எடுத்துக் கொடுத்ததோ அவ்வளவுதான் கணினிக்குப் போகிறது. ஊசியின் வரலாற்றைச் சற்றுப் பார்த்தால் இது விளங்கும்.

எமில் பெர்லினர் தட்டு வடிவ கிராமபோனுக்கு 1887ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1902ஆம் ஆண்டில் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அக்காலத் தட்டு அரக்கும் கல்தூளும் கலந்து செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் வாசிக்க ஓர் உருக்கு ஊசி. அடுத்த பக்கத்துக்கு வேறு ஊசி. ஊசி தேய்ந்து தடத்தின் வடிவத்தை அடையட்டும் என்றுதான் கல்தூளைச் சேர்த்தார்கள். ஆனால் ஊசியின் மேல் 100 கிராமுக்கும் அதிகமான பாரம் அமர்ந்திருந்ததால் தடமும் சேர்ந்து தேய்ந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போல, ஆசையோடு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட தட்டுகளுக்கே இந்தச் சேதம் அதிகம் என்பதுதான் வருத்தம்.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைல் நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. தடம் மிகக் குறுகியது. 78 தட்டுக்கான ஊசி முனையின் ஆரம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 3 பங்கு, அதாவது சுமார் 75 மைக்ரான். நெடுந்தட்டுக்கு ஆயிரத்தில் 1 பங்கு போதும். ஸ்டீரியோ தட்டுகள் 1958இல் கடைக்கு வந்தபின் ஊசி இன்னும் மெலிந்தது. பழைய ரேடியோகிராம்களில் ஊசியைப் புரட்டிப் போட ஒரு சிறு நெம்புகோல் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் 78 ஊசி, மறுபக்கம் நெடுந்தட்டு ஊசி. அதைப் புரட்ட மறந்து, 78 தட்டில் மெல்லிய ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத் துழாவிக்கொண்டு போகும். கேட்பது இரைச்சல்.

அந்த ரேடியோகிராம்களில் இருந்தவை படிகம் அல்லது பீங்கான் கார்ட்ரிட்ஜுகள். மலிவானவை, உரத்த ஒலி தருபவை. ஆனால் தட்டை அழுத்துபவை. நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் 1 அல்லது 2 கிராம் பாரத்தில் ஓடும். அதில் இரு வகை: ஊசியோடு காந்தம் அசைவது ஒன்று, கம்பிச்சுருள் அசைவது மற்றொன்று. 1964இல் வந்த ஷூர் வி15 முதல் வகை. ஜப்பானிய வானொலிக்காக 1960களில் உருவான டெனான் 103 இரண்டாம் வகை. முதல் வகையின் மேல் ஸ்தாயி ஒலி, பிளேயரிலிருந்து ஆம்பிளிஃபயருக்குப் போகும் கம்பியின் மின்தன்மையைப் பொறுத்துக்கூட மாறும். இரண்டாம் வகை தரும் மின்னழுத்தம் மிகக் குறைவு. மிகுதியாகப் பெருக்க வேண்டியிருப்பதால் 'ம்ம்' என்ற முனகல் உள்ளே நுழைய வழி உண்டு. எது மேல் என்று வாதிடுவதைவிட, எந்தத் தட்டுக்கு எது என்று கேட்பது நல்லது. ஸ்டெதஸ்கோப்பில் தாழ்ந்த ஓசைக்கு மணிப் பக்கமும் உயர்ந்த ஓசைக்குச் சவ்வுப் பக்கமும் இருப்பது போலத்தான். நெஞ்சு ஒன்றே, வைக்கும் பக்கத்தைப் பொறுத்துக் கேட்பது மாறுகிறது.

ஊசி முனையின் வடிவம் இன்னும் முக்கியம். நெடுந்தட்டின் வெளி விளிம்பில் தடம் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது; நடுவை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான். அங்கே அலைகள் நெருக்கியடித்து நிற்கும். உருண்டை முனை அவற்றுள் புக முடியாமல் நாதஸ்வரத்தையும் 'ச', 'ஸ' ஒலிகளையும் கரகரக்கச் செய்யும். கச்சேரித் தட்டுகளில் துக்கடாவும் மங்களமும் பெரும்பாலும் இந்த உள்வட்டத்தில்தான் அமையும். நீள்வட்ட முனையும், நான்கு வழி ஒலித் தட்டுகளுக்காக 1970களில் ஜப்பானில் பிறந்த ஷிபாட்டா முனையும் இந்தக் குறையை வெகுவாகக் குறைத்தன.

'படக் படக்' என்னும் ஒலியைக் கணினி அழகாக நீக்கும். ஊசி உண்டாக்கிய கரகரப்பு பாட்டோடு பின்னிக்கொண்டு வருவது. அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஊசி தொடாமல் விட்டதை எந்தக் கணினியாலும் தர முடியாது. ஆகவேதான் ஒலிக் காப்பகங்களில் பல அளவு ஊசிகளை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தேய்ந்த 78 தட்டில் சற்றுப் பெரிய முனையோ சிறிய முனையோ வைத்தால், பழைய உருக்கு ஊசி தொடாத சுவர்ப் பகுதி அகப்படும். பாட்டு தெளிவாக எழும். மோனோ தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் வாசித்து இரு வழிகளையும் ஒன்று சேர்த்தால், மேலும் கீழுமான அசைவிலிருந்து வரும் இரைச்சல் தானே அடங்கிவிடும்.

இன்று கணினியோடு இணைக்கும் மலிவான பிளேயர்கள் சிலவற்றில் அதே பழைய பீங்கான் கார்ட்ரிட்ஜே இருக்கிறது. ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும் நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜுகளும் 78 ஊசிகளும் இன்னும் கிடைக்கின்றன. ஏற்றும் முன் தட்டைக் கழுவி உலர்த்துவதும், எந்தக் கார்ட்ரிட்ஜ், எந்த ஊசி என்று பதிவோடு எழுதி வைப்பதும் நலம். அதன்பின் தட்டுகளை உறையிலிட்டு, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி அடுக்கி வைத்தால், பிள்ளைகள் வேறோர் ஊசி கொண்டு மறுபடி ஏற்றிக்கொள்வார்கள்.